காட்டைப் படிக்க எங்கே போனார்கள்?

மரமும் மகுடமும் – 9

நிலம்பூரில் மலபார் கலெக்டர் எச். வி. கொனோலி தொடங்கிய தேக்குத் தோட்டத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். 1840-களின் தொடக்கத்தில் தேக்கு விதையை முளைக்க வைக்கக் கொனோலி செய்த முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. கடைசியில் அந்த வித்தை அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனனுக்குக் கைவந்தது. கொனோலி 1855-ல் கொலையுண்டார். தோட்டம் நிற்கவில்லை. மேனனின் பொறுப்பில் ஆண்டுதோறும் புதிய நாற்றுகள் ஊன்றப்பட்டன.

மேனன் எந்தப் பள்ளியிலும் வனவியல் படித்தவர் அல்ல. அன்றைக்கு இந்தியாவில் அப்படியொரு பள்ளி இல்லை. ஆளவந்த இங்கிலாந்திலும் இல்லை. ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. வனத்துறையில் சேர வருகிறவனிடம் முதலில் கேட்ட கேள்வி ‘எங்கே படித்தாய்?’ என்பதுதான். பிரான்சு என்றால் ஒரு நாற்காலி, டேராடூன் என்றால் வேறு நாற்காலி, எங்குமே படிக்கவில்லை என்றால் கையில் ஒரு தடியும் நடப்பதற்கு ஒரு காவல் பகுதியும். இந்த ஏணி எப்படிக் கட்டப்பட்டது என்பதே இந்த இதழின் கதை.

டாக்டர்களும் கேப்டன்களும்

வனத்துறையின் முதல் தலைமுறை அதிகாரிகளில் பலர் மருத்துவர்கள் அல்லது ராணுவத்தார். அந்தக் காலத்து மருத்துவப் படிப்பில் தாவரவியல் ஒரு கட்டாயப் பாடம். மருந்துச் சரக்கு செடிகொடிகளிலிருந்தே வந்ததால் டாக்டருக்குச் செடியை இனம் காணத் தெரிந்திருக்க வேண்டும். ராணுவ அதிகாரிக்கு நில அளவை தெரியும், குதிரை ஏறத் தெரியும், பெரும்பாலும் வேட்டைப் பித்தும் இருக்கும். காட்டில் மாதக்கணக்கில் தங்க அஞ்சாதவர்கள் என்பதே பெரிய தகுதி.

ஆனைமலைத் தேக்கைக் கவனிக்க முதலில் அனுப்பப்பட்டவர் கேப்டன் ஜேம்ஸ் மைக்கேல். 1856-ல் மதராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட ஹியூ கிளெக்ஹார்ன் அறுவை மருத்துவர். 1820-ல் மதராசிலேயே பிறந்தவர். மைசூர்ச் சீமையின் ஷிமோகாவில் வேலை பார்த்தபோது உள்ளூர் ஓவியர் ஒருவரை வைத்து நாளுக்கொரு செடி வீதம் வரையச் செய்தவர். அவருக்குப் பின் வந்த பெட்டோம் ராணுவக்காரர். தென்னிந்திய மரங்களைப் பற்றிய பெரிய படநூல் அவருடைய பெயரைச் சொல்கிறது.

இவர்கள் எல்லோரும் மரத்தை அறிந்தவர்கள். ஆனால் அரசாங்கத்துக்கு வேண்டியிருந்த விடை வேறு. ஒரு காட்டில் எத்தனை மரம் இருக்கிறது, இந்த ஆண்டு எத்தனையை வெட்டலாம், வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வர எத்தனை ஆண்டு ஆகும்? இந்தக் கணக்கு மருத்துவக் கல்லூரியிலும் இல்லை, பட்டாளத்திலும் இல்லை. அந்தக் கணக்கோடு 1856-ல் பர்மாவின் பெகு காடுகளுக்கு வந்து இறங்கியவர் ஒரு ஜெர்மானியர்.

நான்கு குச்சிகள்

டீட்ரிக் பிராண்டிஸ், 1824-ல் பான் நகரில் பிறந்த தாவரவியலாளர். செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகள் ரேச்சலை மணந்தவர். மார்ஷ்மனின் இன்னொரு மருமகன் ஜெனரல் ஹென்றி ஹேவலாக். இந்தக் குடும்பத் தொடர்பின் வழியாகவே அவருடைய பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்கு எட்டியது.

பெகுவில் அவர் செய்த முதல் வேலை எண்ணுவது. யானைமேல் ஏறிக் காட்டுக்குள் போவார். இடது கையில் நான்கு குச்சிகள், வலது கையில் ஒரு பேனாக்கத்தி. மூங்கில் புதர்களுக்கு நடுவே, பாதையின் இருபுறமும் இருநூறு அடிக்குள் தேக்கு கண்ணில் பட்டால், அதன் பருமனுக்கு ஏற்ற குச்சியில் ஒரு வெட்டு. ஈரம் பொங்கும் பர்மா காட்டில் காகிதம் நிலைக்காது, குச்சி நிலைக்கும். ஒரு நாளில் இருபது மைல் போனால் நானூறு அடி அகலத்தில் இருபது மைல் நீளத்துக்குக் காட்டின் இருப்பு கையில் இருக்கும்.

இந்த எண்ணிக்கையிலிருந்து அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஆறடிச் சுற்றளவுக்கு மேல் போன மரங்கள் முதல் வகுப்பு. அவை மட்டுமே வெட்டத் தகுதி. அடுத்த வகுப்பு மரங்கள் முதல் வகுப்பை எட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்பது தெரிந்துவிட்டால் போதும். எடுத்துக்காட்டாக, அதற்கு 24 ஆண்டு ஆகும் என்றால் இன்றிருக்கும் முதல் வகுப்பு மரங்களில் இருபத்து நான்கில் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் வெட்டலாம். கடைசி மரம் விழும்போது அடுத்த தலைமுறை வெட்டுக்குத் தயாராகியிருக்கும். வட்டியை எடு, முதலைத் தொடாதே என்பதே இதன் சாரம். 1713-லேயே சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ், உருக்காலைகளுக்கு விறகு தீர்ந்துபோகும் அச்சத்தில் இந்தக் கருத்தை நூலாக எழுதியிருந்தார். ஜெர்மன் நாடுகளில் அது பின்னாளில் தனி அறிவியலாக வளர்ந்து, அதற்கெனப் பள்ளிகளும் எழுந்தன.

1864-ல் இந்திய அரசு வனத்துறையை முறையாக அமைத்து, பிராண்டிசை முதல் தலைமை வன அதிகாரியாக்கியது. காலம் ரயிலின் காலம். ஒரு மைல் தண்டவாளத்துக்கு ஏறத்தாழ 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். அவையும் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். சாலும் தேக்கும் தேவதாருவும் மலைமலையாகச் சாய்ந்துகொண்டிருந்தன. பிராண்டிசின் கணக்கைத் துணைக்கண்டம் முழுவதும் போட வேண்டும். ஒரு யானையும் நான்கு குச்சியும் அதற்குப் போதாது. கணக்குத் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

பிரெஞ்சுக் காட்டில் ஆங்கிலப் பிள்ளைகள்

ஐரோப்பாவுக்குப் போன பிராண்டிஸ் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார். முதலாவது, வனவியல் படித்த இரண்டு இளைஞர்களை ஜெர்மனியிலிருந்து அழைத்து வந்தது. ஒருவர் வில்லியம் ஷ்லிக், மற்றவர் பெர்தோல்ட் ரிப்பன்டிராப். பிராண்டிசுக்குப் பின் ஷ்லிக், அவருக்குப் பின் ரிப்பன்டிராப் என்று, பிரிட்டிஷ் இந்தியாவின் வனத்துறைத் தலைமை நாற்காலியில் மூன்று ஜெர்மானியர்கள் வரிசையாக அமர்ந்தார்கள்.

இரண்டாவது ஏற்பாடு நீண்ட காலம் நிலைத்தது. 1867 முதல் லண்டனில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் படிக்க அனுப்புவது. பிரான்சில் அவர்கள் போன இடம் நான்சி நகரின் தேசிய வனப் பள்ளி, 1824-ல் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஜெர்மனி கைவிடப்பட்டு நான்சி மட்டுமே மிஞ்சியது. ஆங்கில இளைஞன் பிரெஞ்சு மொழியில், ஓக் காட்டிலும் பீச் காட்டிலும் நின்று, தான் ஒருமுறைகூடப் பார்த்திராத தேக்கையும் சாலையும் ஆளக் கற்றுக்கொண்டான்.

அங்கே கற்றது அத்தனையும் வீண் என்று சொல்லிவிட முடியாது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது, கூப்பு எனப்படும் வெட்டுப்பகுதிகளுக்கு முறை வைப்பது, மரத்தின் பருமனிலிருந்து கன அளவைக் கணிப்பது, பத்து இருபது ஆண்டுகளுக்குச் செயல்திட்டம் எழுதுவது ஆகியவை எந்த நாட்டுக் காட்டுக்கும் பொருந்தும் கருவிகள். இந்திய வனத்துறையின் கோப்புகளில் இன்றும் ஓடும் முறையின் எலும்புக்கூடு அதுதான். இடர்ப்பாடு வேறு இடத்தில் இருந்தது. இரண்டு மூன்று ஓக், பீச் வகைகள் ஒழுங்காக நிற்கும் காட்டில் பழகிய கண், ஒரே சரிவில் நூறு வகை மரம் கலந்து நிற்கும் காட்டைப் பார்த்ததும் தடுமாறியது. எந்த விதை எப்போது விழும், எந்தக் கன்றுக்கு நிழல் வேண்டும், எதற்கு வெயில் வேண்டும் என்று நான்சியின் பாடநூல் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் காட்டிலேயே இருந்தார்கள்.

தீ கற்பித்த பாடம்

பர்மாவில் பிராண்டிஸ் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். கரேன் மக்கள் மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து, ஓரிரு ஆண்டு நெல் விளைவித்துவிட்டு வேறிடம் போவார்கள். இதற்கு ‘தவுங்யா’ என்று பெயர். காட்டை அழிக்கும் பழக்கம் என்று அதை ஒழிக்கப் பார்ப்பதே அதிகாரிகளின் முதல் எண்ணமாக இருந்தது. பிராண்டிஸ் அதையே தோட்டம் போடும் வழியாக்கினார். நெல்லோடு நெல்லாகத் தேக்கையும் நடுங்கள் என்றார். நெல்லுக்குக் களை எடுக்கும்போது தேக்குக்கும் களை எடுபடும். அறுவடை முடிந்து அவர்கள் நகரும்போது பின்னால் ஒரு தேக்குத் தோட்டம் நிற்கும். ஐரோப்பியப் பள்ளி எதிலும் இல்லாத இந்த முறை, பின்னர் பர்மாவைத் தாண்டி இந்தியாவின் பல பகுதிகளுக்கும், ஆப்பிரிக்கா வரைக்கும் போயிற்று. அதே நேரம், தன் கையாலேயே அரசுக்குத் தேக்கு நட்டுவைத்துவிட்டு அந்தச் சரிவுக்கு மறுபடி திரும்பி வர முடியாத நிலைக்கு உழவர் ஆளானதும் இந்தக் கதையின் பகுதிதான்.

தீ விஷயத்தில் பாடம் படிய இன்னும் நாளாயிற்று. ஐரோப்பிய வனவியலில் தீ பரம எதிரி. மத்திய இந்தியாவின் போரி காட்டில் 1860-களில் கர்னல் பியர்சன் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, ஆண்டுக்கணக்கில் தீயை வெளியே நிறுத்திக் காட்டினார். துறை அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடியது. அந்தப் பியர்சனே பிற்காலத்தில் நான்சியில் படித்த ஆங்கில மாணவர்களின் மேற்பார்வையாளரானார். படிக்கப் போன பிள்ளைகள் அவரிடமிருந்து எதை நம்பித் திரும்பியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. கோடைத்தீ வைக்கும் கிராமத்தார் மீது வழக்குகள் குவிந்தன. எத்தனை சதுர மைல் காடு தீயிலிருந்து தப்பியது என்பது ஆண்டறிக்கைகளின் பெருமைக்குரிய பக்கமானது.

ஆனால் பர்மாவின் ஈரக் காடுகளில் ஒன்று நடந்தது. தீயை நிறுத்திய இடங்களில் மூங்கிலும் புதரும் அடர்ந்தன. தேக்கின் கன்றுகள் மட்டும் காணோம். தேக்கு வெயில் விரும்பி. அதன் கன்று தீயில் கருகினாலும் மண்ணுக்கடியில் தடித்த வேர்க்கட்டை பிழைத்து மறுபடி தளிர்க்கும். போட்டிச் செடிகள் கருகிப்போக, அதற்கு வெளிச்சம் கிடைக்கும். தீ இல்லாமல்போனதும் நிழலில் சுகமாக வளரும் செடிகளின் கை ஓங்கிவிட்டது. 1896-ல் ஸ்லேட் என்ற அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்று ‘இந்தியன் பாரஸ்டர்’ இதழில் எழுதினார். துறைக்குள் இது பெரிய சண்டையானது. அந்த இதழ் 1875-ல் ஷ்லிக் தொடங்கியது. வகுப்பில் படித்ததைக் காடு மறுத்தபோதெல்லாம் அதிகாரிகள் வாதாடிய களம் அதுதான். ஒரு வகையில் அதுவே அந்தத் தலைமுறையின் இரண்டாவது பள்ளிக்கூடம்.

இதற்கிடையே 1885-ல் பயிற்சி பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு நகர்ந்தது. பொறியாளர்களை உருவாக்க நடந்துவந்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் வனவியல் பிரிவு தொடங்கி, அதை நடத்த ஷ்லிக் போனார். ஐந்து பாகங்களில் அவர் வெளியிட்ட வனவியல் கையேடு ஆங்கிலத்தில் அந்தத் துறையின் அடிப்படை நூலானது. 1905-ல் அந்தப் பிரிவு ஆக்ஸ்போர்டுக்குப் போயிற்று. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிராண்டிசும் சும்மா இருக்கவில்லை. தன்னைத் தேடி வந்த கிஃபோர்டு பின்ஷோ என்ற அமெரிக்க இளைஞரை நான்சிக்குப் படிக்க அனுப்பினார். அவர்தான் 1905-ல் உருவான அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர். பர்மா காட்டுக் குச்சிக் கணக்கு கடல் கடந்து அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

டேராடூன், 1878

நான்சிக்கும் கூப்பர்ஸ் ஹில்லுக்கும் போனவர்கள் துறையின் உச்சியில் இருந்த மிகச் சிலர். ஒரு துரை ஒரு மாவட்டக் காட்டையே பார்ப்பார். எல்லைக்கல் நடுவது, மரத்துக்கு முத்திரைச் சுத்தியல் அடிப்பது, கூப்புக் காண்டிராக்டரின் வண்டியை எண்ணுவது, நாற்றங்கால் போடுவது ஆகிய வேலைகளை அவருக்குக் கீழே இருந்தவர்கள்தான் செய்தார்கள். அவர்களுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. 1878-ல் புதிய வனச்சட்டம் வந்து, ஒதுக்கப்பட்ட காடுகளின் பரப்பு பெருகத் தொடங்கியது. படித்த ரேஞ்சர்கள் இல்லாமல் இனி ஓட்ட முடியாது என்ற நிலை.

அதே 1878-ல் இமயத்தின் அடிவாரத்தில் டேராடூன் வனப் பள்ளி பிறந்தது. முதல் இயக்குநர் ராயல் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்த பிரெடரிக் பெய்லி. 1884-ல் இந்திய அரசு அதை நேரடியாக ஏற்று ‘இம்பீரியல்’ என்ற அடைமொழியைச் சூட்டியது.

பள்ளிக்குக் கிடைத்த பெரும் வசதி, அதற்கென்றே ஒதுக்கப்பட்ட காடுகள். டூன் பள்ளத்தாக்கின் சால் காடு, சிவாலிக் குன்றுகள், மேலே ஜவுன்சார் மலையின் பைன், தேவதாருக் காடுகள் எல்லாம் சேர்த்து ‘பள்ளி வட்டம்’ என்று பெயரிட்டுப் பயிற்சிக்கு விட்டார்கள். மழைக்காலத்தில் வகுப்பறை. மழை விட்டதும் கூடாரம் கட்டிக்கொண்டு மாணவர்கள் காட்டுக்குள் போவார்கள். சங்கிலியும் காம்பஸும் வைத்து நில அளவை, பாதை போடுவதற்குச் சரிவு பார்ப்பது, மரம் அளப்பது, சாயும் மரம் இளங்கன்றுகளை நசுக்காமல் விழும் திசையைக் குறிப்பது என்று கையால் கற்றார்கள். தாவரவியல், மண், பூச்சிகள், கணக்கு ஆகியவற்றோடு வனச்சட்டமும் பாடத்திட்டத்தில் கனத்த இடம் பிடித்தது. ரேஞ்சர் ஒரே நேரத்தில் மரம் வளர்ப்பவன், கணக்கன், போலீஸ்காரன். ரேஞ்சர் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. அதற்கும் கீழ்நிலையில் இருந்த பாரஸ்டர்களுக்கு இந்துஸ்தானியில் தனி வகுப்பு.

இங்கே படித்தவர்களில் ஒருவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும். உபேந்திரநாத் கஞ்சிலால், வங்காளி. டேராடூனில் படித்து ரேஞ்சராகி, பிறகு அங்கேயே ஆசிரியரானார். பள்ளி வட்டத்துக் காடுகளின் தாவரங்களை ஒன்றுவிடாமல் விவரித்து அவர் எழுதிய நூல் 1901-ல் வந்தது. அதுவரை மாணவர் கையில் இருந்தவை தேர்ந்த தாவரவியலாளருக்காக எழுதிய கடினமான நூல்கள். கஞ்சிலாலின் நூலோ, முதன்முதலாகக் காட்டுக்குள் கால் வைப்பவன் இலையையும் பட்டையையும் பார்த்து மரத்தின் பெயரைக் கண்டுபிடிக்கக் கைகொடுத்தது. பின்னாளில் அசாமின் தாவரங்களைத் தொகுக்கும் பெரும்பணியை மேற்கொண்டு, அது அச்சேறுமுன் 1928-ல் காலமானார்.

இத்தனை அறிந்தவர் துறையின் உச்சிக்குப் போகவில்லை. 1890-களின் தொடக்கத்தில் துறை மூன்று அடுக்காகப் பிரிக்கப்பட்டது. மேலே இம்பீரியல் பணி. அதற்குத் தேர்வும் பயிற்சியும் இங்கிலாந்தில். நடுவில் மாகாணப் பணி. டேராடூனில் தேறி நெடுநாள் உழைத்த இந்தியர் ஏறக்கூடிய உயரம் அதுதான். அடியில் ரேஞ்சர், பாரஸ்டர், கார்டு. கஞ்சிலாலின் பதவிப் பெயருக்கு முன்னால் ‘எக்ஸ்ட்ரா’ என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருந்தது; மாகாணப் பணிக்காரருக்கான அடையாளம் அது. தாய்நாட்டில் கற்றவர்களுக்கு மேல் பதவிகள் திறக்க வேண்டும் என்று பிராண்டிஸ் விரும்பியதுண்டு. ஆனால் அவர் 1883-ல் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பள்ளி காட்டுக்குப் பக்கத்தில் வந்தது. பதவி லண்டனிலேயே நின்றுவிட்டது.

தெற்குக்கு ஒரு கல்லூரி

மதராஸ் மாகாணத்துக்கும் டேராடூனுக்கும் ஆரம்பம் முதலே பிணைப்பு உண்டு. 1881-ல் பிராண்டிசே தெற்கே வந்து மாகாணக் காடுகளைச் சுற்றிப் பார்த்தார். கிராமத்தாரின் உரிமைகளைக் காரணம் காட்டி 1878-ன் மத்தியச் சட்டத்தை ஏற்க மறுத்த மதராஸ், 1882-ல் தனக்கென வனச்சட்டம் இயற்றியது. மதராசில் வனப் பாதுகாவலராக இருந்த ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள் 1890 முதல் 1899 வரை டேராடூன் பள்ளியின் இயக்குநராக இருந்தார். தென்னிந்தியத் தாவரவியல் மாணவர்கள் இன்றும் புரட்டும் மதராஸ் மாகாணத் தாவர நூலைத் தொடங்கியவர் அவர்தான்.

தெற்கிலிருந்து ரேஞ்சர் பயிற்சிக்குப் போன இளைஞன், ரயிலில் நாள்கணக்கில் பயணம் செய்து, குளிர் உறைக்கும் மலையடிவாரத்தில் போய் இறங்கினான். அங்கே அவன் கண்ட காடு சாலும் பைனும் தேவதாருவும். ஊர் திரும்பிச் சரகத்துக்குப் பொறுப்பேற்றால் கண்முன்னே நிற்பதோ தேக்கு, ஈட்டி, வேங்கை, மருது, சந்தனம். முன்பு ஆங்கிலேயனுக்கு நான்சி எப்படியோ, ஏறக்குறைய அப்படியே தென்னாட்டானுக்கு டேராடூன். சந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பக்கத்துச் செடிகளின் வேரை உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி. நல்ல துணைச்செடி இல்லாவிட்டால் கன்று தேறாது. வைரம் பாய்ந்த கட்டையில் ஒரு துண்டுகூடத் திருடனுக்கு லாபம் என்பதால் வேரோடு காவல் காக்க வேண்டிய மரம். அதைச் சால் காட்டில் நின்று கற்பிக்க முடியுமா?

பர்மா தன் தேக்குக் காட்டின் நடுவே தராவடியில் ஏற்கெனவே ஒரு வனப் பள்ளி வைத்துக்கொண்டது. மதராசின் முறை 1912-ல் வந்தது. அந்த ஆண்டு கோயம்புத்தூரில் மதராஸ் வனக் கல்லூரி தொடங்கியது.

ஊரைத் தேர்ந்ததில் நல்ல கணக்கு இருந்தது. வடமேற்கே நீலகிரியின் சோலைகள், தெற்கே ஆனைமலையின் தேக்கு, வடகிழக்கே சத்தியமங்கலத்துச் சந்தனக் காடு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலபாரின் மழைக்காடும் நிலம்பூர்த் தோட்டமும். முட்புதர்க் காட்டிலிருந்து பசுமைமாறாக் காடு வரை ஒரு சில நாள் பயணத்துக்குள் எல்லாம் இருக்கும் ஊர் வேறெது? சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்லூரியும் 1906-லேயே இங்கு வந்துவிட்டது. மேலும், வனப் பாதுகாவலர் எச். ஏ. காஸ் முயன்று திரட்டிய அருங்காட்சியகம் 1902-ல் திறக்கப்பட்டுத் தயாராக இருந்தது. மரவகைகள், விதைகள், பூச்சி அரித்த கட்டைகள், காட்டு விலங்குகளின் பாடம் செய்த உடல்கள் என்று, கூடாரம் கட்டிப் போகாத நாள்களில் மாணவன் கையால் தொட்டுப் படிக்க ஒரு கிடங்கு. மாகாணத்துப் பிள்ளைகளோடு சுற்றியிருந்த சமஸ்தானங்களின் பிள்ளைகளும் இங்கே படிக்க வந்தார்கள்.

கேம்பிள் முடிக்காமல் விட்டுப்போன தாவர நூலை முடித்தவர் மதராஸ் வனத்துறையைச் சேர்ந்த சி. இ. சி. பிஷர். ஆனைமலையின் தாவரங்களைப் பற்றியும் எழுதியவர். கோவை கௌலி பிரவுன் சாலையில் இருக்கும் வன வளாகத்தில் அவர் பெயர் தாங்கிய உலர்தாவரத் தொகுப்பு இன்றும் உண்டு. காய்ந்த இலைக்குக் கீழே எங்கே, எப்போது, எந்த உயரத்தில் பறித்தது என்று எழுதிவைக்கும் ஒழுக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக ரேஞ்சர்கள் இங்கே பழகினார்கள்.

மூன்று வாசல்கள்

ஏணியின் உச்சிப் படிக்கான பயிற்சி இந்தியாவுக்கு வர 1926 ஆயிற்று. லண்டனில் முதல் அணி தேர்வாகி அதற்குள் ஏறக்குறைய அறுபது ஆண்டு கடந்துவிட்டது. அந்த ஆண்டு டேராடூனில் உயர் அதிகாரிகளுக்கான வகுப்பு தொடங்கி, ஆள் எடுப்பது குறைந்ததால் 1932-ல் நின்று, 1938-ல் இந்திய வனக் கல்லூரியாக மறுபடி உயிர் பெற்றது. விடுதலைக்குப் பின் 1966-ல் இந்திய வனப் பணி அகில இந்தியப் பணியாக மீண்டும் அமைக்கப்பட்டது. 1987 முதல் அதன் பயிற்சி நிலையம் இந்திரா காந்தி தேசிய வன அகாதெமி.

காட்டு வேலைக்குப் போக விரும்பும் தமிழ்நாட்டு இளைஞர் முன்னால் இன்றும் உயரத்துக்கொரு வாசல் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வென்றால் இந்திய வனப் பணி, பயிற்சி டேராடூனில். டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி வனப் பாதுகாவலராகவோ, வனத்தொழில் பழகுநராகச் சேர்ந்து வனச்சரகராகவோ ஆகலாம். மாநில வனப் பணியாளருக்கான மத்திய அகாதெமி ஒன்று அதே கோவை வளாகத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே வனவரும் வனக்காப்பாளரும். மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரியில் நான்காண்டு பட்டமே படிக்கலாம்.

வெள்ளையர் கட்டிய ஏணியின் அமைப்பு பெரிதும் மாறவில்லை என்பது கண்கூடு. மாறியது ஒன்று: படிகளுக்கு நடுவே இருந்த பூட்டு திறந்தது. இந்திய வனப் பணியின் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு, மாநிலப் பணியிலிருந்து உயர்வு பெறுகிறவர்களுக்கு. கஞ்சிலாலுக்கு இந்த வழி இல்லை.

ஆனால் ஏணியின் கடைசிப் படிக்கும் கீழே தரையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். முதுமலையிலும் ஆனைமலையிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக நடப்பவர்களில் பலர் குறும்பர், இருளர், மலசர், காடர். காலடித் தடத்தைப் பார்த்து யானை போய் எத்தனை நேரமாயிற்று என்று சொல்லிவிடுவார்கள். அகாதெமியிலிருந்து புதிதாக வரும் அதிகாரி காட்டுக்குள் முதலில் பின்தொடர்வது அவர்களைத்தான். அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை தற்காலிகம். கற்பிக்கத் தெரிந்தவரை மாணவனின் இடத்தில்கூட உட்கார வைக்காத துறை, தன் அறிவில் பாதியை ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபடி தேடிக்கொண்டிருக்கும். பர்மாவின் தீச்சண்டை அதைத்தான் காட்டியது.

ஆனைமலையில் தேக்கு ஏறக்குறைய தீர்ந்துபோன நிலையில் 1915 வாக்கில் ஒரு வன அதிகாரி பொறுப்பேற்றார். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் விடச் செய்து, கைத்தடியால் மண்ணைக் குத்தி விதை போட்டு அந்தக் காட்டை மீட்டவர் என்று இன்றும் பேசப்படுகிறவர். டாப் ஸ்லிப்பில் அவருடைய கல்லறை இருக்கிறது. ஹியூகோ உட்டின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)